அப்பாவுக்கு ஒரு கோட்டு

அப்பாவின் கழுத்து எந்தக் கோட்டுக்குள்ளும் அடங்கவில்லை.

அவருடைய போனில் படத்தை விரலால் இழுத்துப் பார்த்தாள். சுருக்கிப் பார்த்தாள். இலவசச் செயலியில் இருந்த கோட்டுகள் எல்லாம் மாப்பிள்ளைப் பையன்களுக்குத் தைத்தவை.

எதிரே தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு. உள்ளே அப்பா, நேற்றிலிருந்து கண் திறக்காமல்.

கதவு அசையும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மா ரெடியா இருக்கட்டும்மா," என்றார் பெரியப்பா. "கடைசி நேரத்துல எவன் ஓடறது? ஃப்ளெக்ஸ் கடைக்காரன் நல்ல போட்டோவாக் கேப்பான்."

பெரியப்பா வணிகர் நலச் சங்கத்தின் மாவட்டத் துணைத்தலைவர். இதை அவர் ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடமும் சொல்லியிருந்தார். ஃப்ளெக்ஸில் கீழே வரவேண்டிய தன் படத்தை முதல் வேலையாக அனுப்பிவிட்டார். சங்கத் தேர்தலில் நின்றபோது கும்பிட்டபடி எடுத்தது.

"என் சிரிப்பை மட்டும் கொஞ்சம் குறைச்சிடு. பாக்கறவன் தப்பா நெனைப்பான்."

குறைத்தாள். பல்வலிக்காரர் போல ஆனார். அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அப்பாவுக்குத்தான் படமே இல்லை.

அவர் போன் முழுக்கப் படங்கள். இந்தச் செயலியும் அவருடையதுதான். விடிந்ததும் எதையாவது எடுத்து, வெட்டி, ஒட்டி, 'இனிய காலை' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். மீசை வைத்த கத்தரிக்காய். கூலிங்கிளாஸ் மாட்டிய தெருநாய். தோசைக்கல்லில் உதிக்கும் சூரியன்.

யாரும் பதில் போட்டதில்லை. அவள் அந்தக் குழுவின் சத்தத்தை எப்போதோ அணைத்துவிட்டாள்.

எடுத்தவர் அவர். அதனால் எதிலும் அவர் இல்லை.

தேடித் துழாவியதில் ஒன்று கிடைத்தது. பலாப்பழம் வெட்டும்போது யாரோ எடுத்தது. முண்டா பனியன். மூக்குக்கண்ணாடியில் ஃப்ளாஷ் பட்டு, கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்.

கண்ணாடியை அழித்தாள். கண்ணும் சேர்ந்து போயிற்று.

நிஜக் கண்ணாடி அவள் கைப்பையில் இருந்தது. உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸ் கழற்றிக் கொடுத்தது. அது இல்லாவிட்டால் அப்பாவுக்குத் தன் கைரேகை என்ன, கையே தெரியாது.

அண்ணன் தம்பிக்கு ஒரே கண் என்று வீட்டில் சொல்வார்கள். பெரியப்பாவின் கண்களை வெட்டி ஒட்டினாள்.

பலாப்பழத்தை எடுத்தாள். பனியனை எடுத்தாள். கன்னத்து மருவைச் செயலி கேட்காமலேயே எடுத்துவிட்டது.

கோட்டுக்குள் இப்போது இன்னொரு மாவட்டத் துணைத்தலைவர் இருந்தார்.

முடித்துவிட்டால் உள்ளேயும் முடிந்துவிடும் என்று தோன்றியது. காலரைத் திரும்பத் திரும்ப நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்னம்மா நோண்டறே? எனக்கு அனுப்பு, போதும்."

அனுப்பினாள்.

'எப்படி இருக்கு?' என்று நாலு பேரிடம் கேட்கலாமே என்று பெரியப்பா அதைக் குடும்பக் குழுவில் போட்டார். படத்தைப் போட்டார். கேள்வியைப் போட மறந்துவிட்டார்.

கோயம்புத்தூர் அத்தைதான் முதலில் கும்பிட்டாள். பிறகு மளமளவென்று வந்தன. அழும் முகங்கள். மாலைகள். 'ஆழ்ந்த இரங்கல்.' கத்தரிக்காய்க்கு வாய் திறக்காதவர்கள் அத்தனை பேரும்.

அப்பாவின் போன் அவள் கையில் துடித்துக்கொண்டே இருந்தது.

பெரியப்பாவுக்கு வியர்த்துவிட்டது. பதற்றத்தில் படத்தைத் தன் போனிலிருந்து மட்டும் அழித்துவிட்டு, "போயிடுச்சு பாரு," என்று காட்டினார்.

கதவு திறந்தது.

"சிதம்பரநாதன் கூட வந்தவங்க யாரு?" நர்ஸின் குரலில் சலிப்பு. "கண் முழிச்சிட்டாரு. முழிச்சதும் போன் வேணுமாம். காலைல ஏதோ அனுப்பாம விட்டுட்டாராம், ஒரே ரகளை. கண்ணாடியும் கேக்கறாரு."

போன் மறுபடி துடித்தது. இன்னொரு மாலை.

எழுந்தாள். கைப்பைக்குள் விட்ட விரலில் கண்ணாடிக்கூடு தட்டுப்பட்டது.

போனைக் கொடுத்தாள்.

கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னாள்.