கறள் பிடிக்காத பெட்டி

“தம்பி, இதில எந்தத் தகடு கறள் பிடிக்காது?”

காத்தான்குடியில் குளிர்ப்பெட்டி செய்யும் ஜிப்ரி நிமிர்ந்து பார்த்தான். கல்லடியில் மீன்பிடிக்கும் யோகராசா நின்றிருந்தார்.

“மீன் பெட்டிக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் தகடே காணும் அண்ணன்.”

“கடல் காத்துக்குத் துருப்பிடிக்காம நிண்டு பிடிக்குமா?”

“கொஞ்சக் காலம் பிடிக்கும். நெடுங்காலம் கிடக்கிறதெண்டா விலை கூடின 316தான். மீனுக்கு அது வீண்.”

“316லயே செய்யுங்க. நீளம் ஆறரை அடி. மூடி கண்ணாடியில வேணும்.”

“கண்ணாடியா? மீனைப் பார்த்துக்கொண்டா இருக்கப் போறீங்க?” என்று ஜிப்ரி சிரித்தான்.

யோகராசா சிரிக்கவில்லை.

“போன மாசம் என்ட மனிசி தவறிட்டா. மகன் கட்டாரில இருந்து வர மூணு நாளாகும் எண்டான். அதுவரைக்கும் உடம்பை வச்சிருக்க ஊரில பெட்டி இல்ல. அவன் வந்து இறங்கேக்க எல்லாம் முடிஞ்சுது. தாயிட முகத்தை அவன் பார்க்கல்ல. ஊருக்கெண்டு இதைச் செய்யிறன்.”

மரணம் நடந்த அன்றே அடக்கிவிடும் வழக்கத்தில் வளர்ந்த ஜிப்ரிக்கு இப்படியொரு பெட்டி தேவைப்படும் என்று தோன்றவே இல்லை. தாளில் 304ஐ வெட்டிவிட்டு 316 என்று எழுதினான்.

“எப்ப வேணும் அண்ணன்?”

“அவசரமில்ல தம்பி. வருசக்கணக்கா ஆருக்கும் தேவைப்படாமக் கிடக்கட்டும். கறள் மட்டும் பிடிக்கப்படாது.”