கேள்விப் பெட்டி

“ஆலிமா, ஒரு சந்தேகம்...”

கேள்விப் பெட்டி திறந்துவிட்டது. பெண்கள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

தையல்காரம்மாவுக்கு வகுப்பே சேர்ந்து வைத்த பெயர் அது. ஞாயிற்றுக்கிழமை மாடி அறையில் நடக்கும் குர்ஆன் வகுப்பில் அவர் வாயைத் திறந்தால் கேள்விதான் வரும்.

“கேளுங்கக்கா,” என்றாள் பாடம் எடுக்கும் ஆலிமா.

“குல்ஹுவல்லாஹு சூராவுல ‘ஸமத்’னு வருதே, அதுக்கு என்ன அர்த்தம்?”

முன் வரிசையிலிருந்து ஹெச்.எம். அம்மா திரும்பினார். முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தையே கண்பார்வையில் நடத்தி ஓய்வு பெற்றவர்.

“ஏம்மா, தினமும் தொழுகையில ஓதுற சூரா. இது கூடத் தெரியாமலா இத்தனை வருஷம் ஓதினீங்க?”

“அதான் கேட்கறேன் டீச்சரம்மா.”

ஆலிமா விளக்கினாள். “அல்லாஹ்வுக்கு யாருமே தேவையில்லை. ஆனா நம்ம எல்லாருக்கும் அவன் தேவை. அதான் ஸமத்.”

ஹெச்.எம். அம்மா ‘உச்’ கொட்டியபடியே குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஹெச்.எம். அம்மா ஓத வேண்டிய முறை வந்தது. ஓத ஆரம்பித்ததும் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படி ஒரு குரல், அப்படி ஒரு நிதானம். தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஹெச்.எம். அம்மா மட்டும் நின்றார்.

“ஆலிமா, இது சரிப்படாது. வாரா வாரம் இவங்க கேள்வியிலேயே பாதி நேரம் போகுது. அவங்களைச் சின்னப் பிள்ளைங்க வகுப்புக்கு மாத்திடு. ஒண்ணு அவங்க, இல்லே நான்.”

ஆலிமா, தான் பாடம் எடுக்கும் தடித்த நோட்டை நீட்டினாள். பழுப்புத் தாளில் அட்டை. அதில் சுண்ணக்கட்டியால் வரைந்த ஒரு சட்டைக் கையின் அளவுக்கோடு அழியாமல் இருந்தது.

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்காத குறைதான். ஆனா உங்ககிட்ட மறைச்சா அவங்களுக்கு அநியாயம். இதுல இருக்கிற அர்த்தமெல்லாம் அஞ்சு வருஷம் எங்க உஸ்தாதுகிட்ட உட்கார்ந்து தையல்காரம்மா எழுதினது. எனக்குச் சந்தேகம் வந்தா அவங்களைத்தான் கேட்பேன்.”

“அப்போ ஏன் கேள்வி கேட்கறாங்க?”

“எனக்கும் புரியலை. நீங்க வந்து சேர்ற வரைக்கும் அவங்க ஒரு கேள்வி கேட்டதில்லை.”

ஹெச்.எம். அம்மா நேராகத் தையல் கடைக்குப் போனார்.

“வாங்க டீச்சரம்மா!” மிஷின் மேலிருந்த துணியை ஒதுக்கிவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் தையல்காரம்மா.

“உட்கார வரலை. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சீங்களா?”

தையல்காரம்மாவுக்கு விஷயம் புரிந்தது. அவர் மெதுவாக ஊசியில் நூலைக் கோத்தார்.

“தெரியாதுன்னு நான் எப்போ சொன்னேன்? என்ன அர்த்தம்னுதானே கேட்டேன்.”

“வக்கீல் மாதிரி பேசாதீங்க. ஏன் கேட்டீங்க?”

“வகுப்புல ஒருத்தங்களுக்குக் கேட்கக் கூச்சம். கேள்வி கேட்டே பழகினவங்க, பாவம். அவங்களுக்காகத்தான் நான் கேட்டேன்.”

“யாரது? நான் பேசறேன் அவங்ககிட்ட. கேட்கறதுல என்ன வெட்கம்?”

தையல்காரம்மா தலை நிமிரவில்லை.

“வேண்டாம் டீச்சரம்மா. அவங்க ஓதினா எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்க்கும். அப்படி ஒரு ஓதல் என் தொண்டையில நூறு வருஷம் ஓதினாலும் வராது. அந்த ஓதலோட அர்த்தமும் சேர்ந்துட்டா எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு பேராசை, அவ்வளவுதான்.”

ஹெச்.எம். அம்மா மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். கையிலிருந்த தன் நோட்டைப் பார்த்தார். கேள்விப் பெட்டி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அதில் இருந்தது, அவருடைய அச்சுப்போன்ற கையெழுத்தில்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார்.

“விடுங்களேன்.”

“சொல்லுங்கம்மா.”

“நீங்க வகுப்புல சேர்றதுக்கு முன்னாடி, என் புது வீட்டுல வந்து ஓதினீங்களே... சிரிச்ச முகமா.”

“ஆமா. எல்லாரும் அழுதாங்க.” ஹெச்.எம். அம்மா நோட்டை மடியில் வைத்தார். “நான் ஓதினது... அதுக்கு என்ன அர்த்தம்?”

அறுபது வயதில் முதல் தடவையாக ஒரு அர்த்தத்தை வாய்விட்டுக் கேட்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

“ஒரு ஊரையே தலைகீழாப் புரட்டிப் போட்டு, கல்மழை இறக்கின வசனம்.”

“யா அல்லாஹ்! புது வீட்டுலயா?” இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். “அன்னைக்கே ஏம்மா சொல்லலை?”

“எதுக்குச் சொல்லணும்? அதுவும் அவனோட வார்த்தைதானே, பரக்கத்தும் அருளும்தான். வீடும் கல்லு மாதிரி நிக்குது, ஒரு ஒழுகல் கிடையாது.” தையல்காரம்மா சிரித்தார். “நீங்க முடிச்சதும் இன்னொரு தடவை ஓதுங்கன்னு கேட்டேனே, மறந்துட்டீங்களா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஆலிமா பாடத்தை ஆரம்பித்ததுமே ஒரு கை மேலே போனது.

“ஆலிமா, எனக்கு ஒரு சந்தேகம்,” என்றார் ஹெச்.எம். அம்மா.

“போச்சு, இன்னொரு கேள்விப் பெட்டி!” என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. ஹெச்.எம். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். கையை மட்டும் இறக்கவில்லை.

அன்றைக்குத் தையல்காரம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும்தான்.