அலமாரி கேட்ட நேர்ச்சுவர்

மாலை மணி சரியாக நாலேகால். ஒரு வாரமாக விடாத தூறல் அப்போதும் விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்கச் சமவெளியில், நேர்கோடே போடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த ஒரு கட்டடக் கலைஞர் கட்டிய வட்ட வீட்டில், புதிதாகக் குடிவந்த அலமாரி முணுமுணுத்தது.

"தம்பி, உன் வளைந்த சுவரில் என் முதுகு படியவே இல்லையே."

"நடுவில் வந்து நில்லுங்கள், அண்ணே," என்றது வீடு. "மழை விடட்டும். என் சுவரில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் வழியே காலை வெயில் பச்சையும் சிவப்புமாக உங்கள் மேல் ஏறும்."

"நட்டநடுக் கூடத்தில் நிற்க நான் என்ன தூணா?"

வீட்டுக்காரி லொரெட்டா கடந்துபோகும்போதெல்லாம் அலமாரி வேண்டுமென்றே ஆடியது. அவள் பொறுமையிழந்து தச்சரை அழைத்தாள். இருட்டுவதற்குள் கண்ணாடிச் சில்லுகளோடு வளைவை மறைத்து ஒரு பலகைச் சுவர் எழுந்தது. அலமாரி அதில் முதுகைச் சாய்த்து, வந்த நாளிலிருந்து முதன்முறையாக நிம்மதியாக நின்றது.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. லொரெட்டா மின்விளக்கைப் போட்டுக்கொண்டு காபி குடித்தாள். ஒரு நாள் பொறுத்திருக்கலாமே என்று அலமாரி வெகுநேரம் தவித்தது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டது:

"தம்பி, வெயில் வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது, அண்ணே," என்றது பலகைக்குப் பின்னாலிருந்து வீடு. "இப்போது பச்சை."

வெயில் உச்சிக்கு ஏறும்வரை வீடு ஒவ்வொரு நிறமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அலமாரி அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.