உமையாள் ஆச்சி போட்ட தாழ்ப்பாள்

சம்பந்தி வீட்டு வண்டி வாசலில் வந்து நின்றதுமே தேனம்மைக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

நடுங்காமல் என்ன செய்யும்? மகள் சாலாவுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம்கூட முடியவில்லை. அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. மாப்பிள்ளையோ இரங்கூனில். குறைமாசம்தான் என்று மருத்துவச்சி ராக்காயி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா?

பிள்ளைக்குச் சப்பத் தெம்பில்லை. பீய்ச்சி ஊட்டலாம் என்றால், சாலாவுக்கு அழுகை வருகிறதே தவிரப் பால் வரமாட்டேன் என்கிறது.

ஒக்கூரிலிருந்து வந்த சாலாவின் மாமியார் உமையாள் ஆச்சி, வாங்க என்றதைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எங்க சாலா?"

"தீட்டு அறையில கெடக்கா. நீங்க அங்க போகப்படாது ஆச்சி..."

"தீட்டாவது, ஒண்ணாவது!"

அறை வாசலில் குசுகுசுத்துக்கொண்டிருந்த சொந்தக்காரப் பெண்களை ஒரு முறை முறைத்தார். "எல்லாரும் அங்குட்டுப் போங்க!"

உள்ளே நுழைந்து படாரென்று தாழ்ப்பாளைப் போட்டார். உள்ளே சாலா, பிள்ளை, ராக்காயி, அவ்வளவுதான்.

"கேக்கத்தானே செய்வாக? மாசக் கணக்கு உதைக்குதுல்ல" என்றாள் வெளியே தள்ளி நின்ற ஒருத்தி. பாவி, சொல்லும்போதே அவளுக்கு என்ன சந்தோஷம்!

சட்டென்று உள்ளிருந்து சாலா அலறினாள். "ஐயோ, வலிக்குதே!"

தேனம்மை பதறிப்போய்க் கதவைத் தட்டினாள். "என்ன செய்றீக ஆச்சி? பச்சை உடம்புக்காரி! எதுன்னாலும் என்னையக் கேளுங்க. என் மக மேல ஒரு குத்தமும் இல்ல!"

கொஞ்ச நேரத்தில் சாலாவின் அலறல் நின்றுபோனது. தேனம்மை கதவில் காதை வைத்தாள்.

கதவு திறந்தது. உமையாள் ஆச்சி கையில் வெள்ளிச் சங்கு. அதில் பாதிக்குப் பால்.

"பால் கல்லாக் கட்டிக் கெடந்துச்சு. ஒத்தடம் குடுத்துப் பீச்சுனேன், வலிக்கத்தான் செய்யும். இத்தனை பேரு வாசல்ல நின்னு வம்பு பேசுனா எந்தத் தாய்க்குப் பால் எறங்கும்?"

ராக்காயி சங்கை வாங்கி, பஞ்சில் நனைத்துப் பிள்ளையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பிள்ளை விழுங்கியது.

தேனம்மை கேட்டேவிட்டாள். "ஆச்சி... நீங்க மாசத்தைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே?"

"என் தலைச்சனும் குறைமாசந்தான். என் மாமியா மாசத்தை எண்ணிக்கிட்டே இருந்தாக" என்றார் உமையாள் ஆச்சி. "அவுக எண்ணி முடிக்கிறதுக்குள்ள பிள்ளை போயிருச்சு."