ஏழு கிலோ பாடம்

"திருட்டுப் பழத்த வச்சா பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துற?"

வாசலில் நின்று குரல் கொடுக்கும் பழக்கம் கணக்கப்பிள்ளை ஜெயரூபனுக்குக் கிடையாது. செருப்புக் காலோடு நேரே தொழிலாளர் லயத்தில் இருந்த சுதர்ஷினியின் காம்பரா வீட்டுக்குள் வந்து நின்றார். காலையில் பெரட்டுக் கலைத்து ஆட்களை வேலைக்கு அனுப்புவதிலிருந்து கொழுந்து நிறுப்பது வரை அந்தத் தேயிலை மலையில் அவர் சொன்னதுதான் சட்டம்.

பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கொய்யாவைக் கடித்த வாயோடு அப்படியே இருந்தார்கள். நடுவில் பப்பாளி, தோடம்பழம், பேரிக்காய் எல்லாம் குவிந்து கிடந்தன.

இந்த வாரம் முழுக்க அவர்களுக்குப் பழப் பாடம். பேர் சொன்னால் தமிழ், கொட்டையை எண்ணினால் கணக்கு, தோலைப் பார்த்துத் தீட்டினால் சித்திரம். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் தூங்கத்தான் வைப்பார்கள், லுணுகலையில் இருக்கும் முன்பள்ளிக்கு ஆட்டோ வைத்து அனுப்ப யாருக்கும் கட்டாது. அதனால் சுதர்ஷினி தன் மகளோடு பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டாள்.

"வாய அளந்து பேசுங்க ஐயா. ஒவ்வொண்ணும் அதுக வீட்டுக் கொல்லையில புடுங்கினது."

"பங்களாவுல தோடம்பழம் காணாமப் போயிருக்கு. தொரை கேட்டா நான் என்ன சொல்றது?"

"அங்க காணாமப் போனா இங்கதான் வந்து தேடணுமா? மடியில கனமில்ல, எங்களுக்கு வழியில பயமும் இல்ல. ரெங்கம்மாக்கா காம்பராவுக்குப் பின்னால தோடை மரம் நிக்குது, போய்ப் பாருங்க."

அம்மாவின் பேரைக் கேட்டதும் கேசினி நிமிர்ந்தாள். ரெங்கம்மாவின் ஒரே மகள். தினமும் காலையில் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு மலைக்குப் போய் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் பாடத்துக்கு வருவாள்.

"வாய் நீளுது ஒனக்கு," என்றார் ஜெயரூபன். "இன்னியோட இத மூடு. இல்லாட்டி காம்பராவப் பூட்டிருவேன். இது தோட்டத்துக் காம்பரா, தெரியுமில்ல?"

"கல்லு சொமந்து கட்டினது எங்க ஆளுக. பூட்டுங்க! வாசல்ல பாயப் போட்டு நடத்துறேன். அங்கயும் வெரட்டினா ரோட்டுல நடத்துறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் பகீரென்றது. மழை பிடித்தால் ரோட்டில் என்ன பாடம்? வரும் தையில் பிள்ளைகள் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். அங்கே போய்ப் பேந்தப் பேந்த முழிக்கக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே வீம்பு.

பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்குத் திரும்பிய பெண்கள் சத்தம் கேட்டு வாசலில் கூடிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டதும் ஜெயரூபனுக்குக் குரல் ஒரு படி ஏறியது. முன்னால் நின்ற ரெங்கம்மாவின் கையிலிருந்த கொழுந்துச் சாக்கைப் பிடுங்கி, பாயில் கிடந்த பழங்களையெல்லாம் அதற்குள் அள்ளிப் போட்டார்.

"எத்தன கிலோன்னு தொரைகிட்ட சொல்லணும்."

உத்திரத்தில் முள் ஓடும் ஒரு வட்டத் தராசு தொங்கியது. சுதர்ஷினியின் கணவன் வெலிமடையிலிருந்து மரக்கறி இறக்கிச் சந்தையில் விற்பவன், அவன் கழித்துப்போட்ட தராசு. ஜெயரூபன் சாக்கை அதில் மாட்டினார். அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"எங்க, ஒன் படிப்பு லட்சணத்தப் பாப்பம். ஒரு பிள்ளைய இத நிறுத்துச் சொல்லச் சொல்லு. சரியாச் சொன்னா சாக்க இங்கயே வச்சிட்டுப் போறேன், நீ பாடத்த நடத்திக்க. தப்பாச் சொன்னா இன்னியோட இழுத்து மூடணும்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் என்னைக்குப் பேச்சு மாறினேன்?"

சுதர்ஷினி கேசினியைக் கூப்பிட்டாள். நேற்றுப் பப்பாளியையும் கொய்யாவையும் கூடையில் போட்டு மாட்டியபோது ஒரு தடவைகூடப் பிசகாமல் சொன்னவள் அவள்தான்.

கேசினி முள்ளைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். பிறகு கணக்கப்பிள்ளையின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். இரண்டு விரலை மடக்கிக்கொண்டு, "அஞ்சு," என்றாள்.

முள் ஏழில் நின்றது.

ஜெயரூபன் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்துக்கங்க, ஒங்க டீச்சரம்மா படிச்சுக் குடுத்த லட்சணத்த! முள்ளு ஏழுல நிக்குது, இது அஞ்சுங்குது. தராசு பொய் சொல்லுமா? முள்ளு எங்க நிக்குதோ அதுதான் நெற. அதுல ரெண்டு கிலோவ முழுங்கிட்டுச் சொன்னா அதுக்குப் பேரு களவு!"

வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. ரெங்கம்மா மட்டும் ஒரு அடி உள்ளே வந்தாள்.

சுதர்ஷினி பிள்ளைக்கு முன்னால் குந்தினாள். "ஏன் கண்ணு, ஏழு ஒனக்குத் தெரியுமே? நேத்துக்கூடச் சரியாச் சொன்னியே?"

கேசினியின் கண் கலங்கியிருந்தது. ஆனால் சொன்னதை மாற்றுகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

"நேத்து சாக்குல போடலியே டீச்சர். சாக்குல போட்டு ஏழு காட்டினா, எங்கம்மாவுக்கு ஐயா அஞ்சுன்னுதானே சொல்லுவாரு?"