போர்க்களத்தில் பூத்த பூக்கள்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வரலாற்றுப் புத்தகத்துக்காக ஒரு போர்க்களப் படம் தயாராகிக்கொண்டிருந்தது. யானைமேல் ராஜா, அதன் காலடியில் செத்துக் கிடந்த வீரர்கள். வண்ணம் தீட்டக் காத்திருந்தது சிவப்புப் பென்சில்.

"சின்னப் பிள்ளைங்க பயந்துடுவாங்க" என்று சொல்லி, ரப்பர் அந்த வீரர்களை அழித்தது.

"அவங்களும் அந்தச் சண்டைக்கு வந்தவங்கதானே, அண்ணே?" என்றது சிவப்பு.

"வந்தாங்க. புத்தகத்துல வேண்டாம்."

வெறுமையாகிப்போன தரையில் கறுப்புப் பென்சில் பூக்களை வரைந்தது. வீரர்கள் கிடந்த இடத்துப் பூக்களை எல்லாம் சிவப்பு அழுத்தி அழுத்தித் தீட்டியது.

புத்தகம் பள்ளிக்கூடம் போனது. படத்தைத் தடவிப் பார்த்தாள் ஒரு சிறுமி.

"ரொம்ப நல்ல ராஜா போல, டீச்சர். அவர் போன இடமெல்லாம் பூ பூத்திருக்கு."