கருங்காலியின் சிவப்புத் தொப்பி

"வழியை விடு, பெனுவா. உள்ள எனக்கு வேலை இருக்கு."

"எங்களுக்கு மட்டும் இல்லையா பண்டிதரே? நாங்க என்ன வேடிக்கை பார்க்கவா வெளியில நிக்கிறோம்?"

ஜாக்மே அச்சகத்தில் வேலைநிறுத்தம் தொடங்கி ஒன்பதாம் நாள். லியோன் நகரில் அச்சுத் தொழிலாளிக்கு முதலாளி வீட்டு மேஜையில்தான் சாப்பாடு. ஜாக்மே வைனில் தண்ணீர் கலந்தார், பொறுத்துக்கொண்டோம். புழுத்த பன்றிக்கறியை வைத்தார். எழுந்து வெளியே வந்துவிட்டோம். எல்லாரையும் எழுப்பிக் கூட்டிவந்தவன் நான்.

உள்ளே போய்வந்தவர் அந்தெல்ம் ஒருவர்தான். புரூஃப் திருத்துபவர். லத்தீன் படிக்கக் கறுப்புத் தொப்பி, கிரேக்கம் படிக்கச் சிவப்புத் தொப்பி என்று இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திரியும் மனிதர். பழைய ரோமர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று முப்பது வருடம் தூங்காமல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதுதான் அப்போது அச்சில் இருந்தது. ஆகஸ்ட் சந்தைக்குள் வந்தாக வேண்டும் என்று ஜாக்மே வெளியூரிலிருந்து ஆள் பிடித்து வந்திருந்தார். அவர்களுக்கு எழுத்துக் கோக்கத் தெரியும், லத்தீன் தெரியாது.

"உங்க புத்தகம் வரணும், நாங்க புழுவைத் தின்னணும். அதானே?" என்றான் என் கூட்டாளி குளோத்.

"நான் போனாத்தான்ப்பா இது ஒழுங்கா முடியும்" என்றார் அந்தெல்ம்.

"கருங்காலி!"

கத்தியது நான்தான். மேலே இருந்த சிவப்புத் தொப்பியைப் பிடுங்கி சோன் ஆற்றில் வீசினேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

"இனிமே கிரேக்கத்துக்கு என்ன பண்ணுவீங்க, பண்டிதரே?"

தொப்பி மிதந்து போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்போதைக்கு லத்தீன் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சந்தைக்குப் புத்தகம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் வரி விட்டுப்போயிருந்தது. படுக்கப் போன ரோமன் அடுத்த வரியிலேயே குதிரையைக் கட்டிப்பிடித்துக் குறட்டை விட்டான். பாரிஸிலிருந்து வந்த படிப்பாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாங்கியவர்கள் ஜாக்மேயின் முகத்திலேயே திருப்பி எறிந்தார்கள்.

சந்தை தொடங்கிய நான்காம் நாள் ஜாக்மே எங்களைத் தேடி வந்தார்.

"வாங்கப்பா. நல்ல வைனே ஊத்துறேன். நீங்க இல்லாம என் மானமே போச்சு."

நான் சும்மா இருப்பேனா? துண்டுப் பிரசுரம் போட்டேன். 'தொழிலாளி இல்லாத அச்சகத்தின் லட்சணம் பாரீர்! கருங்காலிக்குக் கிடைத்த பரிசு பாரீர்!' அந்தெல்மின் பெயரையும் பெரிய எழுத்தில் போட்டேன். ஊரே வாசித்தது. வெற்றி என் பேனாவுக்கு என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தெல்ம் எழுதிய எதையும் யாரும் அச்சிடவில்லை. மீன் சந்தையில் உட்கார்ந்து மனு எழுதிப் பிழைத்தார். தலையில் கறுப்புத் தொப்பி மட்டும். பதினோரு வருடம் அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஒருநாளும் வணக்கம் சொன்னதில்லை.

அவர்தான் கேட்பார்: "இப்ப வைன் எப்படி இருக்கு, பெனுவா?"

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துக் காறித் துப்பிவிட்டு நடப்பேன்.

போன குளிர்காலத்தில் இறந்துபோனார். அடக்கத்துக்கு நான் போகவில்லை.

நேற்று என் பிரசுரங்களை ஒரே புத்தகமாகக் கட்டுவதற்கு பைண்டர் தெனீஸிடம் கொண்டுபோனேன். அட்டைக்குள் வைத்து ஒட்ட அவள் ஒரு பழைய தாள்கட்டை எடுத்தாள்.

"ஜாக்மே அச்சகத்துல கழிச்சுப்போட்ட புரூஃப், பெரியவரே. கெட்டித் தாள். உங்க வீராவேசத்தையெல்லாம் தாங்கும்."

வாங்கிப் பார்த்தேன். அந்தெல்மின் புத்தகம். முப்பது வருடம் எழுத்துக் கோத்ததில் எனக்கும் லத்தீன் கொஞ்சம் வரும். படித்துக்கொண்டே போனேன். அந்த வெளியூர்க்காரர்கள் ஒரு வரிகூட விடாமல்தான் கோத்திருந்தார்கள்.

பக்கத்துக்கு ஒரு வரியாக, நடுக்கமே இல்லாத கோட்டில், அடித்து எடுத்திருந்தது அந்தெல்மின் கை.